கல் பங்களாவில் படிக்க வேண்டியது

சென்னைப் புறநகர் அண்ணனூரில் குடியிருப்பவர் ஊட்டிக்கு ரயிலில் போக வேண்டுமானால் முதலில் எதிர்த்திசையில் போயாக வேண்டும். மின்சார ரயிலில் ஏறி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் என்று கிழக்கே இருபது கிலோமீட்டர் போய்ச் சென்ட்ரலில் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் படுக்கையைப் பிடித்தால், அரை மணி நேரத்தில் அந்த வண்டி அவரை மறுபடி அண்ணனூர் பணிமனையை ஒட்டி நிற்காமல் மேற்கே கொண்டுபோகும். ஏப்ரல், மே மாதங்களில் அந்த வண்டியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்துப் போகிறவர்கள் பார்க்கும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான்: தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா. திரும்பும்போது கையில் வர்க்கியும் சாக்லேட்டும். இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு குன்று ஊட்டி நகருக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் நிற்கிறது. ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அது. அதைச் சுற்றித்தான் ஊட்டியின் முதல் ஐரோப்பியத் தோட்டமும் போடப்பட்டது. இன்று அந்தக் குன்று அரசு கலைக் கல்லூரியின் வளாகம். சல்லிவன் வீடு முதல்வரின் அறை. சுற்றுலாப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை, சேர்த்தால் கெட்டுப்போகும். நான் சொல்ல வருவது வேறு. மலைச்சரிவில் இருக்கும் ஒரு பழைய எஸ்டேட் தோட்டத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு, அதைப் பூங்காவாக்குவதைவிட, ஓட்டலாக்குவதைவிட, அருங்காட்சியகமாக்குவதைவிடக் கல்லூரியிடம் விடுவதே சரியான விடை. ஸ்டோன் ஹவுஸ் விஷயத்தில் அந்த விடையைத் தமிழ்நாடு எப்போதோ எழுதிவிட்டது. பாதி எழுதியதோடு பேனாவை வைத்துவிட்டது என்பதுதான் குறை.

மலைத் தோட்டம் ஏன் பாடம் நடத்த உகந்தது என்பதற்கு, மேலே போகும் வழியே முதல் சாட்சி. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 46 கிலோமீட்டர் ஏறினால் ஊட்டி நிலையம், 2,203 மீட்டர். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்த மலை ரயிலில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என்று வழிகாட்டிகள் எல்லாரும் ஒப்பிப்பார்கள். ஒப்பிக்காத விஷயம், அந்த ரயில் செடிகொடிகளின் வரிசை ஒன்றை ஒரே காலைப்பொழுதில் குறுக்கே கடக்கிறது என்பது. கல்லாற்றில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை தொடங்குகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் மெல்ல ஏறுகிறது. அந்த அடிவாரத்தில் பாக்கு மரமும் பலாவும். கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று மழைக்காட்டுப் பயிர்கள். ஹில்குரோவ் தாண்டினால் காப்பி, குன்னூரை நெருங்கினால் தேயிலை, கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் முட்டைக்கோசும், ஊட்டியை எட்டும்போது டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்நுனியில் உறைபனி. உயரம் கூடக் கூட எந்தச் செடி நிற்கும், எது விழும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படம் போட்டுச் சொல்வார்கள். இங்கே படம் தேவையில்லை. ஜன்னலோர இருக்கை போதும். சென்னையின் மேற்குப் புறநகரில் எவ்வளவு பணம் கொட்டினாலும் இதை உண்டாக்க முடியாது. ஆகவே மலையில் ஏற்கெனவே இருக்கும் தோட்டங்கள் நமக்குக் கூடுதல் பொறுப்பாகின்றன.

சல்லிவன் கதைக்கு வருவோம். 1819 ஜனவரியில் சிறுமுகையிலிருந்து புறப்பட்டு மலையேறியவர், கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் முதல் பங்களாவைக் கட்டினார். பிறகு ஊட்டிப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தார். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, ஸ்டோன் ஹவுஸைக் கட்டினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஊட்டி ஏரியை வெட்டுவித்தவரும் அவர்தான். வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுவது அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. குளிர்நாட்டுப் பயிர்கள் இந்த மண்ணில் விளையுமா, வெப்பத்தில் வாடும் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இங்கே ஓர் ஊர் அமையுமா என்ற கேள்விக்கு அந்தத் தோட்டம்தான் சோதனைச் சாலை. அதற்கென்றே ஒரு தோட்டக்காரரை வரவழைத்தார். உருளைக்கிழங்கு, பார்லி, கோதுமை, ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி எல்லாம் அங்கே முயன்று பார்க்கப்பட்டன. 1826-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ மலைக்கு வந்து பார்த்துப்போனார். அடுத்து வந்த கவர்னர் லஷிங்டன் காலத்தில் கேத்தியில் அரசுச் சோதனைப் பண்ணை, 1848-ல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மக்ஐவரின் கையில் தாவரவியல் பூங்கா, 1860-ல் சின்கோனா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததற்கெல்லாம் மூத்தது இந்தக் குன்றுச் சரிவுதான். ஸ்டோன் ஹவுஸ் பின்னால் சென்னை அரசாங்கத்தின் கோடைக்காலத் தலைமைச் செயலகமாயிற்று. கோப்புகளும் குமாஸ்தாக்களும் மலையேறி வருவது நின்ற பிறகு, 1955-ல் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இப்போது அது கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தாவரவியலும் காட்டுயிர் உயிரியலும் அங்கே பாடங்கள். கலெக்டர் தோட்டம், செயலகம், கல்லூரி என்ற இந்த மூன்று பிறவிகளில் மூன்றாவதுதான் முதல் பிறவிக்கு நெருக்கமானது என்பேன். சோதனைக்காகப் போட்ட தோட்டம் மறுபடி சோதனை செய்யக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது.

அந்தச் சோதனையின் விடைத்தாள் இருநூறு ஆண்டுகளாக மலை முழுவதும் விரிந்து கிடக்கிறது. உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். சல்லிவன் தோட்டத்துக் கிழங்கு படுகர்களின் வயல்களுக்குப் பரவி, மலையின் முதன்மைப் பணப்பயிராயிற்று. ஊட்டிக் கிழங்கு என்றால் தனி விலை. மேட்டுப்பாளையத்து மண்டிகள் அதன் ஏலத்தாலேயே பேர்பெற்றவை. ஒரே மண்ணில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டதன் பலன் 1961-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஊட்டி விஜயநகரம் பண்ணையில் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அதுவே முதல் முறை. பூக்கும் பருவத்தில் வாடிய செடி ஒன்றை மண் உதிராமல் தூக்கிப் பார்த்தால், மெல்லிய வேர்களில் குண்டூசித் தலை அளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். முதலில் வெள்ளை, பிறகு பொன்மஞ்சள், கடைசியில் பழுப்பு. ஒவ்வொன்றும் ஒரு பெண்புழுவின் உடல். உள்ளே சில நூறு முட்டைகள். செடி செத்தபின் அந்த உருண்டை மண்ணில் உதிர்ந்து, அடுத்த கிழங்கின் வேர் வாசனை வரும்வரை ஆண்டுக்கணக்கில், சில சமயம் இருபது ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குப் போகத் தடை வந்தது. முத்தொரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை மலைக்கென்றே உருவாக்க வேண்டியிருந்தது. ஒரு கலெக்டர் வீட்டுப் பின்புறத்துப் பாத்தியில் தொடங்கி, மண்டி ஏலம் வழியாக, நுண்ணோக்கிக்குக் கீழே வந்து நிற்கும் இந்தக் கதையை ஒரே பருவத்தில் ஒரு மாணவன் நடந்தே படிக்கக்கூடிய ஊர் ஊட்டியைப் போல இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

உருளைக்கிழங்காவது சோறு போட்டது. மரங்களின் கதை அவ்வளவு எளிதாக மன்னிக்கத் தக்கதன்று. நகரம் வளர வளர அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டியிருந்தது. பள்ளங்களில் இருந்த சோலைக்காடுகள் வெட்டுப்பட்டன. அதை ஈடுகட்ட ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் 1830-களிலும் கற்பூர மரம் 1843-லும் வந்தன. வீட்டு வேலிக்கும் அழகுக்கும் வந்த மஞ்சள்பூ முட்புதர்கள் வேலியைத் தாண்டின. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சளைக்கவில்லை. தோல் பதனிடும் பட்டைக்கும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு வேண்டிய மரக்கூழுக்கும் வனத்துறை புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டது. (சல்லிவன் மலையேறப் புறப்பட்ட சிறுமுகைக்கே மலையின் மரங்கள் இறங்கி வந்தது வரலாற்றின் குறும்பு.) நீலகிரியின் மேல்மலை என்பது குன்றின் முதுகில் புல்லும் மடிப்பில் சோலையுமாக அமைந்தது. மழைநீரை உறிஞ்சி ஓடைக்கு மெதுவாக விடுவதில் அந்தப் புல்லுக்குப் பெரும் பங்குண்டு. தரிசு என்று அரசுக் கணக்கில் எழுதப்பட்ட புல்வெளிதான் மாற்றான் மரங்களுக்குப் பலியானது. இப்போது வெட்டி எடுக்கலாம் என்றாலும் சீகை லேசில் போகாது. வேரிலிருந்து துளிர்க்கும், அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும், மரத்தை வெட்டி வெயில் விழுந்ததும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். அயல் களைத்தாவரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவிட்டு வருகிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை இருக்கிறது, பணமும் ஒதுக்கப்படுகிறது. எந்தப் புல்லைத் திரும்ப நடுவது, அதன் விதையை எப்போது சேகரிப்பது என்று தெரிந்த கைகள்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஸ்டோன் ஹவுஸ் குன்று வெறும் பழம்பெருமையாக இல்லாமல் கருவியாகிறது. வீட்டின் அருகே ஓர் ஓக் மரம் இருக்கிறது; சல்லிவன் நட்டது என்பது ஊர் வழக்கு, சல்லிவன் ஓக் என்றே பெயர். கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அந்த மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு போவது ஒரு வகை. மாணவன் செய்ய வேண்டியது வேறு. பிறந்த நாட்டில் குளிர்காலம் முழுக்க மொட்டையாக நிற்கும் இனத்து மரம், பனிப்பொழிவே இல்லாத, ஆனால் இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் எந்த மாதம் இலை உதிர்க்கிறது? எப்போது துளிர்க்கிறது? காய் விழுகிறதே, அதில் எத்தனை முளைக்கிறது? பக்கத்தில் நிற்கும் சீகை ஆயிரம் பிள்ளை பெறும்போது இது ஏன் தனிமரமாகவே நிற்கிறது? கடைசிக் கேள்வியில் ஓர் ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது. அயலிலிருந்து வந்த எல்லாமே ஆக்கிரமிப்பதில்லை. சில விருந்தாளியாகவே இருந்துவிடுகின்றன, சில வீட்டையே எழுதி வாங்கிக்கொள்கின்றன. எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிவதுதான் இன்றைய சூழலியலின் கடினமான பகுதி. அதற்கு நட்ட காலம் தெரிந்த மரங்கள் வேண்டும். காட்டில் அவை கிடைக்காது, பழைய தோட்டத்தில்தான் கிடைக்கும்.

இதற்கு முதல் மறுப்பு எனக்குக் கேட்கிறது: வெள்ளைக்காரத் துரை பறித்த நிலத்தில் அவர் போட்ட தோட்டத்துக்கு என்ன கொண்டாட்டம்? நியாயமான கேள்வி. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது அந்தக் காலத்திலும் கொள்ளை மலிவு. எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களின் மேய்ச்சல் வெளி, பத்திரமும் வேலியும் என்றால் என்னவென்றே அறியாத முறையில் இருந்தது. அதை விலைக்கு வாங்கியதாகச் சொல்வதே ஒரு தரப்பின் கணக்கு. சல்லிவன் பிறகு தோடர்களுக்கு அந்த மலையின் மேல் உரிமை உண்டு என்று மேலதிகாரிகளிடம் வாதாடினார், லஷிங்டனோடு இதில் முரண்பட்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. வாதாடியவரே பெரும் நிலத்தை வளைத்தும் வைத்திருந்தார். ஆகவே சிலை வைக்கிறவர்களோடும் நான் இல்லை, இடித்துப் போடச் சொல்கிறவர்களோடும் இல்லை. மறுப்பு சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பூங்காவில் புல்தரையும் பூவும் மட்டும் தெரியும். யாருடைய நிலம் என்று பூத்தொட்டி சொல்லாது. கல்லூரியில்தான் தாவரவியல் மாணவன் நடக்கும் அதே சரிவை வரலாற்று மாணவன் நில உரிமை ஆவணமாகப் படிக்க முடியும். தோடர், படுகர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகளே அந்த வகுப்பில் உட்கார முடியும். கலெக்டர் குடியிருந்த அறையில் ஓர் அரசுக் கல்லூரி முதல்வர் உட்கார்ந்து மலைக்கிராமத்துப் பெண்ணின் சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதைவிடப் பொருத்தமான கைமாற்றத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

நடக்கும் தூரத்தில் தாவரவியல் பூங்கா இருக்கும்போது கல்லூரிக்கு எதற்குத் தனித் தோட்டம் என்பது அடுத்த மறுப்பு. பூங்கா 55 ஏக்கர். தொட்டபெட்டாச் சரிவில் படிப்படியாக ஏறும் அருமையான இடம், மரத்தொகுப்பும் உயர்ந்தது. அதன் உச்சியில் தோடர் குடியிருப்பான மந்து ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மே மாத மலர்க்காட்சிக்குப் பூத்தொட்டிகளை அடுக்குவதும், புல்தரையை மிதிபடாமல் காப்பதும், டிக்கெட் வரிசையைச் சமாளிப்பதும் அதன் ஊழியர்களின் ஆண்டுக் கவலை. ஊட்டிக்குள் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. 2025 கோடையில் வாரநாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தது. இப்படி நெரிபடும் ஊரில், பூங்காவின் ஒரு மூலையில் நூறு சதுர அடிப் புல்லை மூன்று ஆண்டுகள் வெட்டாமல் விட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்க எந்த அதிகாரி சம்மதிப்பார்? பார்வையாளர் கண்ணுக்கு அது பராமரிப்பு இல்லாத மூலை. கல்லூரியில் அதுவே ஆய்வுப் பாத்தி. கல்வித் தோட்டத்தின் முதல் உரிமை அழகில்லாமல் இருக்கும் உரிமை. ஒரு செடியைச் சாகவிட்டு ஏன் செத்தது என்று எழுதும் உரிமை.

பழைய கட்டடத்தைக் கல்லூரி தேய்த்துவிடும், அருங்காட்சியகமாக்கிப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்பவர்கள் உண்டு. பாரம்பரியக் கட்டட ஆர்வலர்கள் பலர் இந்தப் பக்கம். அவர்களுக்குப் பதில் கன்னேரிமுக்கிலேயே இருக்கிறது. சல்லிவனின் முதல் பங்களா பயன்படுத்த ஆளில்லாமல் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பிறகு அரசு செலவில் புதுப்பிக்கப்பட்டு, நினைவகமும் ஆவணக் காப்பகமுமாக ஆக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அதே மனிதர் சில ஆண்டு இடைவெளியில் கட்டிய ஸ்டோன் ஹவுஸை யாரும் பாழிலிருந்து மீட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே எப்போதும் யாராவது வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலைக்காற்றில், ஈரத்தில், பூட்டிய வீடு சீக்கிரம் கெடும். நாள்தோறும் ஜன்னல் திறக்கப்படும் வீடு நிற்கும். கல்லூரி நடப்பதால் சேதமே வராது என்று சாதிக்கவில்லை. புது வகுப்புக் கட்டடம் எங்கே எழும்புகிறது, கழிவுநீர் எந்தச் சரிவில் இறங்குகிறது, பழைய மரத்தின் வேர்மேல் சிமெண்டுத் தரை போடுகிறார்களா என்பவையெல்லாம் காவல் வேண்டிய விஷயங்கள். காவலுக்குப் பொதுப்பணித் துறையை மட்டும் நம்புவதைவிட, அந்த மரத்தைப் பருவம்தோறும் அளக்கும் மாணவர் கூட்டம் ஒன்று இருப்பது மேல்.

வெளியே பார்த்தாலும் இந்தக் கட்சிக்கு ஆதரவு உண்டு. இத்தாலியில் பிரெஞ்சு எல்லையை ஒட்டி, கடலைப் பார்த்த மலைச்சரிவில் ஹன்பரி தோட்டம் இருக்கிறது. ஷாங்காயில் வியாபாரம் செய்து பணம் சேர்த்த தாமஸ் ஹன்பரி என்ற ஆங்கிலேயர் 1867-ல் அந்த எஸ்டேட்டை வாங்கி, மருந்துப் பொருள்களில் வல்லவரான தம் சகோதரர் டேனியலின் துணையோடு உலகச் செடிகளை 18 ஹெக்டேரில் நட்டார். போரில் சிதைந்த அதை 1960-ல் இத்தாலிய அரசு வாங்கியது. 1987 முதல் ஜெனோவாப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. சீட்டு வாங்கிப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் பல்கலைக்கழகம், விருந்தாளி சுற்றுலாப் பயணி என்ற வரிசை அங்கே தெளிவு. நமக்கு இன்னும் பக்கத்தில் பேராதனை. ஹந்தானை மலையடிவாரத்தில் தோட்ட நிலமாகக் கிடந்த இடத்தில், நகரமைப்பு வல்லுநர்கள் ஆபர்குரோம்பியும் ஹாலிடேயும் வரைந்த திட்டப்படி எழுந்த வளாகத்துக்கு இலங்கைப் பல்கலைக்கழகம் 1952-ல் குடிபெயர்ந்தது. மகாவலி வளைவில் 1821-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் பக்கத்திலேயே. வளாகத்துக்காக மலையைச் சமன்படுத்தாமல், மலைக்கேற்ப வளாகத்தை அமைத்தார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும் அங்கேதான். தோட்டம் போட்ட துரைகள் கனவிலும் நினைத்திராத பயிர் அது. நிலத்தைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தால் எது விளையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்குச் சொல்கிறேன்.

வேலை கிடைக்காத தாவரவியலுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு, சமவெளிப் பிள்ளைகளுக்கு இதனால் என்ன லாபம் என்று ஆவடிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கலாம். பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கும் பகுதியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் குறைசொல்ல முடியாது. வேலை விஷயம் முன்பு சொன்னதுதான்: புல்வெளி மீட்பும் களை அகற்றலும் பல ஆண்டு வேலைகள், புல்லின் பூவைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் மலையளவு தேவைக்குக் கடுகளவு இருக்கிறார்கள். லாப விஷயத்துக்குக் கோயம்பேடு போக வேண்டும். அம்பத்தூர், அண்ணனூர்ச் சமையலறைகளில் கொதிக்கும் சாம்பாரின் கேரட்டும் பொரியலாகும் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் அங்கே இறங்கும் மலை லாரிகளில் வருகின்றன. அந்தக் காய்க்காக எந்தச் சரிவு உழப்பட்டது, எவ்வளவு மேல்மண் கழுவிப் போனது, பவானியில் எவ்வளவு வண்டல் இறங்கியது என்பவை சாப்பிடுகிறவர்களுக்கும் சம்பந்தமான கணக்குகள். ஊட்டியில் 1954 முதல் மத்திய மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இருப்பது இந்தக் கணக்குக்காகத்தான். கோடை விடுமுறையில் மலைக்குக் கூட்டிப் போகிற பிள்ளைகளை ஒரு வாரக் களப்பயிற்சிக்கு அனுப்பலாம்; செலவு சுற்றுலாவைவிடக் குறைவு.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். திட்டம் பெரிதானால் முதலில் வருவது நுழைவாயில் வளைவும் கல்வெட்டும். பாரதியார் பல்கலைக்கழகம் தன் தாவரவியல், காட்டுயிர், வரலாற்றுப் பாடத்திட்டங்களில் இந்தக் குன்றை ஒரு தாளாகச் சேர்க்கலாம். முதலாண்டு சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் வளாகத்தில் ஒரு மரத்தை ஒப்படைத்து, மூன்றாண்டும் அதன் துளிர், பூ, காய், பூச்சி எல்லாவற்றையும் எழுதவைக்கலாம்; அந்த ஏடு நூலகத்தில் சேர்ந்துகொண்டே போகட்டும். சரிவின் ஒரு துண்டில் சீகையை எடுத்துவிட்டு மலைப்புல்லை நட்டு, பக்கத்துத் துண்டை அப்படியே விட்டு ஒப்பிடலாம். குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்; வளாகத்திலும் நட்டுவைத்தால் அதன் பூப்பை அங்கேயே கணக்கெடுக்கலாம். இதற்கெல்லாம் வேண்டியது சில மண்வெட்டிகள், ஓர் அளவுநாடா, கெட்டி அட்டை நோட்டுகள், களப்பயிற்சி தெரிந்த ஆசிரியர் இருவர். காலிப் பணியிடங்களை நிரப்பும்போது உயர்கல்வித் துறை அந்த இருவரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றுலாத் துறை அந்தக் குன்றின் பக்கம் வரவே வேண்டாம்.